செடியைப் பார்த்து விதை எடு

விதைமுத்து – 17

சென்ற வாரம் கத்தரி விதையோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் தக்காளி. ஒரு தப்பிலிருந்து தொடங்குகிறேன். தப்பு என்னுடையதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். அருப்புக்கோட்டையில் வாங்கிய இரண்டு கிலோ தக்காளியில் ஒன்று மட்டும் உள்ளங்கை கொள்ளாமல் இருந்தது. வீட்டுத் தராசில் 310 கிராம். மற்றதெல்லாம் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அந்த ஒன்றைக் குழம்பில் போட மனசு வரவில்லை. விதையைப் பிழிந்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். ஆவணியில் நாற்று விட்டு, திருச்சுழி போகிற வழியில் உள்ள எங்கள் கிணற்றுத் தோட்டத்தில் இருபது செடி நட்டேன். இருபதும் முந்நூறு கிராமில் காய்க்கும் என்ற கணக்கு.

காய்த்தது இருபது தினுசு. ஒன்றில் உருண்டை, ஒன்றில் நீள்வட்டம், ஒன்றில் நெல்லிக்காய் அளவு. ஏழெட்டுச் செடியில் இலை சுருண்டு, பூவே நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாப்ள, நீ பழத்தப் பாத்து வெத எடுத்திருக்க. செடியப் பாத்து எடுக்கல.”

அந்த ஒரு வாக்கியத்துக்குள் மரபியல் பாடம் முழுசாக இருக்கிறது.

சந்தையில் விற்கிற தக்காளியில் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகம். இரண்டு வேறு வேறு பெற்றோரைக் கலந்த முதல் தலைமுறை ஒரே மாதிரி வரும். அதன் விதையை எடுத்து விதைத்தால், கலந்தது பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். என் இருபது தினுசுக்கு அதுதான் காரணம். சரி, ஒட்டு ரகமாக இல்லாமல் நிலைத்துப்போன நாட்டு ரகமாக இருந்திருந்தால்? அப்போதும் அந்தப் பெரிய பழத்தால் எனக்கு லாபமில்லை. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் குழல்போல் கூடி நிற்க, சூல்முடி அதற்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் தன் மகரந்தத்தையே தான் ஏற்கும். அதனால் நிலைத்த ரகத்தின் ஒரே செடியில் 300 கிராம் பழத்து விதையும் 60 கிராம் பழத்து விதையும் மரபில் ஒன்றேதான். பெரியது பெரிதானது முதல் கொத்தில் இருந்ததாலோ, கூடப் பிறந்த பிஞ்சுகள் உதிர்ந்ததாலோ, செடி வாய்க்கால் ஓரத்தில் நின்று கூடுதலாக நீர் குடித்ததாலோ இருக்கலாம். வாய்க்கால் ஓரம் விதைக்குள் இறங்காது.

அப்படியானால் பழத்தின் பருமன் எங்கிருந்து வருகிறது? இன்று சமைக்கும்போது ஒரு தக்காளியைக் குறுக்கே அறுத்து, விதை இருக்கும் அறைகளை எண்ணிப் பாருங்கள். தென் அமெரிக்காவின் காட்டுத் தக்காளி நம் மணத்தக்காளிக்கு அண்ணன் மாதிரி. ஒரு கிராம் சுமாருக்கு இருக்கும், அறை இரண்டு. பெரிய ரகங்களில் எட்டு, பத்து அறைகூட உண்டு. பூவின் மொட்டு எத்தனை சூலறையோடு உருவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் இரண்டு இடங்களில் ஏற்பட்ட மாற்றம்தான் இந்த அறைப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டாங்க்ஸ்லியின் குழு இன்னொரு மரபணுவைப் பிரித்தெடுத்துக் காட்டியது. அறையின் எண்ணிக்கையைத் தொடாமல், செல் பிரிதலைக் கட்டுப்படுத்தி, பழத்தின் எடையை 30 சதவீதம் வரை மாற்றக்கூடியது அது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரிய பழச் செடியையும் சின்னப் பழச் செடியையும் கலந்தால் பிள்ளை நடுவில் நிற்காது, சின்னதின் பக்கமே சாயும். பருமன் ஒதுங்கிப்போகிற குணம். இரண்டு பக்கமும் பெரிசாக இருந்தால்தான் தலைகாட்டும்.

ராட்சதத் தக்காளி வளர்க்கிறவர்களுக்கு இது அத்துபடி. 1986இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்டன் கிரஹாம் 3.51 கிலோவில் ஒரே பழம் விளைவித்தார். ரகத்தின் பெயர் ‘டெலிஷியஸ்’. அந்தச் சாதனை 28 வருஷம் அசையவில்லை. 2014இல் மினசோட்டாவின் டான் மெக்காய் ‘பிக் சாக்’ ரகத்தில் 3.8 கிலோவைத் தாண்டினார். பல பூக்கள் ஒன்றாக ஒட்டிப் பிறந்த தடித்த பூவைத் தேடிப் பிடிப்பார்கள். அது பிஞ்சு பிடித்ததும் மற்றதைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். ஆனால் விதை வாங்கும்போது பழத்தின் எடையோடு நிற்பதில்லை. வளர்த்தவர் யார், எந்த வருஷம், தாய்ச்செடி எது, அதன் தாய் எது என்று வம்சம் விசாரிப்பார்கள். மாட்டுத் தாவணியில் கன்றுக்கு விலை பேசுகிறவர் தாய்ப்பசுவின் மடியை விசாரிப்பதில்லையா, அதே புத்திதான்.

அந்த ராட்சத விதை நம் கரிசலுக்கு ஒத்துவருமா? இரவு வெப்பம் இறங்காத மாதங்களில் தக்காளி மகரந்தத்தின் வீரியம் குறைந்து பூ உதிரும். பெரிய பழம் பழுக்க நாள் கூடுதலாகப் பிடிக்கும். அதற்குள் நம் வெயில் முந்திக்கொள்ளும். பத்து நாள் காயப்போட்டு ஒருநாள் நீர் பாய்ச்சினால் அறை நிறைந்த பழம் வெடிக்கும், அடி கறுக்கும்.

நமக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக்காரர்கள் காட்டிய வழி வேறு. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் மாற்றத்தைத் தூண்டி, வந்த செடிகளிலிருந்து பொறுக்கியெடுத்ததுதான் பி.கே.எம். 1. பழம் தட்டை உருண்டை. காம்படியில் பச்சைத் தோள். ராட்சதம் இல்லை. ஆனால் வறட்சி நிலத்துக்கு ஏற்றது, லாரியில் தூரம் போனாலும் நசுங்காது, 135 நாளில் ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் கொடுக்கும். எடைக்கல்லை ஒரு பழத்தின்மேல் வைக்காமல் செடியின்மேல், வயலின்மேல் வைத்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

என் இருபது செடிக்கு வருகிறேன். மாமா போனதும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வரிசையின் நடுவில் ஒரு செடி. இலை சுருளவில்லை, நாலாவது கொத்திலும் காய் பிடித்திருந்தது. பழம் எலுமிச்சை அளவுதான். அதில் சிவப்புத் துணி கட்டினேன். இரண்டாவது மூன்றாவது கொத்துப் பழங்களை நன்றாகப் பழுக்கவிட்டுப் பறித்தேன். இந்தத் தடவை சாம்பலுக்கு அவசரப்படவில்லை. பிசைந்து மண்சட்டியில் ஒன்றரை நாள் புளிக்கவைத்தேன். விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கியது. அலசி, நிழலில் காயவைத்தால் ஒரு கிராமுக்கு முந்நூறு விதை போல நிற்கும்.

தனக்குள்ளேயே கலக்கிற செடியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதியாகக் குறையும். ஏழெட்டு வருஷத்தில் நிலைக்கும். எனக்கு இது நாலாவது வருஷம். இருபது தினுசு இப்போது மூன்று நாலு தினுசாகச் சுருங்கியிருக்கிறது. ஒன்றுகூட 120 கிராமைத் தாண்டவில்லை.

போன மாசி மாமாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தேன். பிரித்து, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்தார். “பழம் எம்புட்டுப் பெருசு?” என்று கேட்பார் என்று நினைத்தேன்.

“எந்தச் செடி?” என்றார்.

சிவப்புத் துணியைக் காட்டினேன். விதையை மடியில் கட்டிக்கொண்டார்.

(அடுத்த வாரம்: முண்டு மிளகாய்)