அப்பத்தா தைத்த ஜரிகை!

நான், 36 வயது இல்லத்தரசி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டு வேலை முடிந்த பின், பனை ஓலைக்குச் சாயம் தோய்த்து, கொட்டான் பின்னி விற்கிறேன். கல்யாணச் சீருக்கும், தாம்பூலத்துக்கும் வாங்கிப் போவர்.

சென்ற ஆண்டு, விசேஷத்துக்குக் கொட்டான் கேட்டு வந்த ஒரு ஆச்சி, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து விட்டு, 'எல்லார்ட்டயும் இருக்குற மாதிரி தானே இருக்கு... புதுசா ஒண்ணும் இல்லியே...' என்று, வாங்காமலே போய் விட்டார். மனசு விட்டுப் போயிற்று. 'நாமென்ன ஓவியமா படிச்சோம், புதுசு புதுசா தோண...' என்று, ஓலையை மூட்டை கட்டி, பரணில் போட்டு விட்டேன்.

அந்த வாரமே, பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் வந்து, வளவில் மாட்டியிருந்த ரவிவர்மா லட்சுமி படத்துக்கு விலை பேசினார். 'செல்லரிக்குது, குடுத்துரலாம்...' என்றார், என் கணவர். தூசி துடைக்கப் படத்தை இறக்கிய நான், அசந்து போனேன். லட்சுமியின் சேலைக் கரை, அச்சு அல்ல, நிஜ ஜரிகை! கழுத்தில், பாசிமணியும், சமிக்கியும் கோர்த்துத் தைத்திருந்தது.

'எங்க மாமியார் தச்சது, ஆத்தா... அச்சுப் படம் எல்லா வீட்லயும் ஒண்ணு போலத் தானே இருக்கும். இது நம்ம வீட்டு லட்சுமியா இருக்கணும்ன்னு, பட்டுச் சேலையில மிஞ்சுன ஜரிகைய வெச்சுத் தச்சாக...' என்றார், என் மாமியார்.

கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, 1894ல் பம்பாயில் அச்சகம் துவங்கினார். நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒன்றன் மேல் ஒன்று அச்சிட்டதால் தான், அரண்மனைச் சுவரில் இருந்த ஓவியம், நம் வீடுகளுக்கும் வந்தது. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில், இப்படி ஜரிகை தைத்த படங்களை இன்றும் பார்க்கலாம். எந்தப் பள்ளியில் ஓவியம் படித்தனர், அந்த அப்பத்தாக்கள்?

படத்தை விற்கவில்லை. தினமும் மதியம், அதன் முன் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று புரிந்தது... கண்ணைப் பறிக்கிற நிறம், ஓரிடத்தில் தான். சுற்றிலும் அடங்கிய நிறங்கள். நானோ, கைக்குக் கிடைத்த சாயத்தை எல்லாம், ஒரே கொட்டானில் கொட்டியிருந்தேன்!

பரணிலிருந்து மூட்டையை இறக்கினேன். முதல் இரண்டும் சரிவராமல் பிரித்தேன். மூன்றாவதை, முழுக்க இலைப் பச்சையில் பின்னி, நடுவில் தாமரை ரோசில் ஒரே ஒரு வரி விட்டு, விளிம்பில், என் பழைய சேலை ஜரிகையைத் தைத்தேன். பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள், மணிவிழாவுக்கு, 25 கொட்டான் கேட்டனர்!

இப்போதெல்லாம், கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த பழைய காலண்டர் படம், தீப்பெட்டி லேபிள், ஸ்வீட் டப்பா என, எதையும் பார்க்காமல் தூக்கிப் போடுவதில்லை. அவற்றையும், யாரோ ஒரு ஓவியர் யோசித்து, நிறம் கூட்டித் தானே செய்திருப்பார்!

தோழியரே... பார்த்ததை அப்படியே காப்பி அடித்தால், அது அவர்களுடையது. அதில் ஒன்றை மட்டும் எடுத்து, நம் கைப்பொருளில் செய்தால், நம்முடையது. உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தையும், இன்று ஒருமுறை இறக்கித் துடைத்துப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, நெற்குப்பை.