பழைய டிராக்டரில் டைனமோவும் வோல்ட் மாற்றமும்

விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களில் மானாவாரிக் கரிசல் நிலங்கள் மிகுதி. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இங்கே பருத்தி, மக்காச்சோளம், சோளம், உளுந்து முதலியன விதைக்கப்படுகின்றன. கரிசல் மண்ணில் ஈரம் மிகுந்தால் கலப்பையில் ஒட்டும். காய்ந்தால் பெரும் கட்டிகளாகப் பெயரும். உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். அந்நாட்களில் டிராக்டர் இரவிலும் ஓட வேண்டியுள்ளது. அதிகாலையில் ஸ்டார்ட் ஆகாத டிராக்டரால் பதம் தவறும். பின்விளக்கு எரியாத டிரெய்லரால் சாலையில் உயிருக்கே ஆபத்து. எனவே, பழைய டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் அதன் மின்சார அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டைனமோவின் வேலை

1960, 70களில் வாங்கிய டிராக்டர்களில் பெரும்பாலும் டைனமோவே பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சின் ஓடும்போது பெல்ட் மூலம் டைனமோவின் ஆர்மேச்சர் சுழன்று மின்சாரம் உண்டாகிறது. கார்பன் பிரஷ்கள் அதை வெளியே எடுத்துத் தருகின்றன. எஞ்சின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் கட்-அவுட் தடுக்கிறது. பேட்டரிக்கு அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறாமல் ரெகுலேட்டர் காக்கிறது.

டைனமோவின் குறை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் மிகக் குறைவு என்பதே. ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்திலும் நன்கு சார்ஜ் தரும். இதனால்தான் பலரும் மாற்ற விரும்புகின்றனர்.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா?

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் போன்ற டிராக்டர்கள் 6 வோல்ட் அமைப்பு கொண்டவை. நம் பகுதியில் ஓடும் பழைய டீசல் டிராக்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் அமைப்பு கொண்டவை. விளக்குகளுக்கு மொத்தம் 96 வாட் தேவை என்று கொள்வோம். 6 வோல்ட்டில் இதற்கு 16 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் 8 ஆம்பியரே போதும். ஒரே கனமுள்ள ஒயரில் ஆம்பியர் பாதியானால் சூடு கால் பங்காகக் குறையும். 12 வோல்ட்டின் நன்மை இதுவே.

ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. 6 வோல்ட் பல்பை 12 வோல்ட்டில் இணைத்தால் உடனே எரிந்துவிடும். பல்புகள், ஹாரன், ரெகுலேட்டர், டைனமோ அனைத்தையும் 12 வோல்ட்டுக்கு உரியனவாக மாற்ற வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் டிராக்டர்களில் இக்னிஷன் காயிலையும் மாற்ற வேண்டும்.

மாற்றுமுன் சோதனை

பல நேரங்களில் டைனமோவை மாற்றவே தேவையிருக்காது. முதலில் கீழ்க்கண்டவற்றைப் பார்க்கவும்.

1. பெல்ட் தளர்ந்துள்ளதா, எண்ணெய் பட்டு வழுக்குகிறதா?

2. பேட்டரி முனைகளிலும் எர்த் இணைப்பிலும் துருவோ உப்போ பூத்துள்ளதா?

3. கார்பன் பிரஷ் தேய்ந்துள்ளதா? கம்யூட்டேட்டர் கறுத்துள்ளதா?

4. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை வேகமாக ஓட்டினால் சுமார் 14 வோல்ட்டுக்கு உயர வேண்டும். உயரவில்லையெனில் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

ஆல்டர்னேட்டர் பொருத்தும் முறை

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் எர்த் தேவை. இதைக் கவனியாமல் இணைத்தால் உள்ளிருக்கும் டையோடுகள் நொடியில் கருகிவிடும். உழவர் ஒருவரின் டிராக்டரில் இவ்வாறே நேர்ந்ததைக் கண்டேன். புது ஆல்டர்னேட்டர் புகைந்து, ஒயர்களும் உருகின. சரிசெய்து முடிப்பதற்குள் நிலத்தின் ஈரப்பதம் போய்விட்டது. அவருக்குப் பெரிய நட்டம் ஆல்டர்னேட்டரின் விலையன்று. தவறிய விதைப்பே ஆகும்.

எனவே, முதலில் பேட்டரியைத் திருப்பி நெகட்டிவ் எர்த் செய்யவும். அம்மீட்டரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றவும். பழைய கட்-அவுட், ரெகுலேட்டர் ஆகியவற்றின் இணைப்பை நீக்கவும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கனமான புது ஒயர் போடவும்; பழைய ஒயரும் பழைய அம்மீட்டரும் கூடுதல் ஆம்பியரைத் தாங்கா. சார்ஜ் விளக்கைத் தவறாமல் இணைக்கவும். பல ஆல்டர்னேட்டர்கள் அதன் வழியாகவே உயிர்பெறுகின்றன. பெல்ட் நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்க்கவும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றக் கூடாது. டிராக்டரில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிட வேண்டும்.

தீ பற்றிய எச்சரிக்கை

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். பீடி, தீக்குச்சி அருகே வரக் கூடாது. கழற்றும்போது எர்த் ஒயரை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாளவும். சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு ஆலைகளை ஒட்டிய நிலங்களில் உழும் டிராக்டர்களிலும், வைக்கோல், பருத்தி ஏற்றும் டிராக்டர்களிலும் தோல் உரிந்த ஒயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு விளக்கு இணைப்புக்கும் ஃபியூஸ் போடவும். ஃபியூஸ் போனால் அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும்.

ஆவணி மாதத்திலேயே இச்சோதனைகளை முடித்துவிட்டால், மழை பெய்த மறுநாள் நிலத்தின் பதத்தை மட்டும் பார்த்தால் போதும். டிராக்டரைப் பற்றிய கவலை இராது. உழவர்கள் தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீசியனின் உதவியுடன் இம்முறைகளைக் கடைப்பிடித்துப் பயனடைவார்களாக.