செமி ஃபர்னிஷ்டு: பட்டியல் வேண்டும் ஒரு சொல்

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் வாடகை வீடு தேடுவோர் டு-லெட் பலகையிலும் புரோக்கர் வாயிலும் ஓயாது எதிர்கொள்ளும் சொல் ‘செமி ஃபர்னிஷ்டு’ என்பதாகும். கட்டில், சோபா, ஃப்ரிட்ஜ் என யாவும் அமைந்த வீட்டுக்கும் நான்கு சுவரை மட்டும் ஒப்படைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நிலையை அது குறிக்கிறது. எனினும் அந்த இடைப்பட்ட நிலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. ஆகவே ஃபேனும் டியூப்லைட்டும் மாட்டிய வீடு ஒரு தெருவில் இப்பெயரைப் பெற, அடுத்த தெருவில் மாடுலர் கிச்சன், கப்போர்டு, கீசர், ஏசி ஆகியவற்றோடு ஒரு கட்டிலும் கிடக்கும் வீடு அதே பெயரில் வாடகைக்கு வருகிறது.

விமான நிலையம், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், துரைப்பாக்கம் செல்லும் ரேடியல் சாலை ஆகியவற்றை நம்பி வேலைக்கு வருவோர், ஊர் மாறும்போதெல்லாம் கீசரையும் ஏசியையும் கழற்றிச் சுமக்க விரும்பாததால், சுவரோடு பொருந்திய பொருள்கள் உள்ள வீட்டையே நாடுகின்றனர். எஞ்சிய கட்டில், மேசைக்குப் பல்லாவரத்திலேயே வழி உண்டு. பழைய பொருள்களுக்குப் பேர்போன வெள்ளிக்கிழமைச் சந்தை வாரந்தோறும் அங்கே கூடுகிறது. அச்சந்தையில் வீட்டு உரிமையாளர்களும் பொருள் வாங்கக்கூடும் என்பதைக் குடிவருவோர் நினைவில் கொள்வது நலம்.

பொருளோடு வீட்டை விடும் வழக்கம் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் புதிதன்று. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமையாளர் வீட்டுப் பயன்பாட்டுக்கெனத் தந்த அறைகலன்களையும், அதாவது கட்டில், மேசை போன்றவற்றையும், ‘கட்டடம்’ என்பதன் பொருளுக்குள்ளேயே அடக்கியது. அச்சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. அதோடு பழுதுபார்ப்பை இரு தரப்புக்கும் பங்கிட்டும் வைத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், வயரிங் ஆகியவை உரிமையாளர் பங்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சமையலறைப் பொருத்துகள், கப்போர்டு பூட்டு, கீசர் ஆகியவற்றின் பழுது குடியிருப்பவர் பங்கு.

இவற்றுள் கீசரே பெரும் சச்சரவுக்கு இடமாகிறது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர் பாயும் வீடுகளில் அதன் காயிலின் மீது வெள்ளைப் படிவம் ஏறி, நீர் சூடாக நேரம் பிடித்து, ஒரு நாள் காயிலே போய்விடும். முந்தைய குடித்தனக்காரர் காலத்தில் படிந்த உப்புக்கு, புதிதாக வந்தவர் காசு கொடுக்க நேர்வது முறையாகாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், பழைய கீசருக்கும் ஏசிக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று முதலிலேயே எழுதுவதுதான் நியாயம்.

இதற்கு உதவுவது, ஒப்பந்தத்தோடு இணைக்கப்படும் பொருள் பட்டியலாகும். ‘ஃபேன் 4, ஏசி 1’ என்று எண்ணிக்கை எழுதுவது போதாது. பொருளின் கம்பெனி, வாங்கிய ஆண்டு, தற்போதைய நிலை ஆகியவையும் இடம்பெற வேண்டும். சிங்குக்குக் கீழே நீர் ஊறி உப்பிப்போன பிளைவுட், கீல் தளர்ந்து தொங்கும் கப்போர்டு கதவு போன்றவற்றைக் குடிபுகும் நாளிலேயே படமெடுத்து இரு தரப்பும் வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளில் அவை புதுச் சேதமாகக் கணக்கில் ஏறுவதில்லை. நாள்பட்ட பயன்பாட்டால் தானாக நேரும் மங்கலும் தளர்வும் இயல்பான தேய்மானம் எனப்படும். அதற்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர்.

இந்தக் கணக்கு முடிவில் அட்வான்ஸில் வந்து நிற்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அந்த ‘உரிய பிடித்தம்’ எவ்வளவு என்ற கேள்வி எழும்போது, பட்டியல் இல்லாத வீட்டில் இரு தரப்புக்கும் நினைவைத் தவிர வேறு சாட்சி இராது.

ஆகவே வீடு பார்க்கச் செல்வோர், பேச்சு முடிந்து முன்பணம் கொடுக்கும் முன், கீசரை ஒருமுறை போட்டுத் தண்ணீர் சுடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.