வீட்டில் கட்டும் விமானம்: எந்த ஸ்விட்ச் எங்கே என்பது ஏன் உயிர்ப் பிரச்னை?

1997 அக்டோபர் 12. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மான்டரே விமான நிலையத்திலிருந்து ஒரு குட்டி விமானம் கிளம்பியது. உள்ளே இருந்தவர் ஒரே ஒருவர்: பிரபல பாடகர் ஜான் டென்வர். ஓட்டியதும் அவர்தான். கொஞ்ச நேரத்தில் விமானம் பசிபிக் குரோவ் அருகே கடலில் விழுந்தது. டென்வர் உயிரிழந்தார்.

அது 'லாங்-ஈசி' வகை விமானம். பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. வரைபடத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். டென்வர் அதைக் கட்டவில்லை. வேறொருவர் கட்டிய விமானத்தை, விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் வாங்கியிருந்தார்.

ஒரு டேங்கில் எரிபொருள் தீர்ந்தால் அடுத்த டேங்குக்கு மாற்றும் வால்வு, ரூட்டனின் வரைபடப்படி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று எழுதியும் வைக்கவில்லை. எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிகளும் சீட்டுக்குப் பின்னால்தான். அவற்றிலும் அளவுக்கோடு கிடையாது.

பைக் ஓட்டுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். பழைய பைக்குகளில் பெட்ரோல் தீரும்போது வண்டி திணறும். இடது கையைக் கீழே விட்டு, டேங்குக்கு அடியில் இருக்கும் திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்புவோம். கண் ரோட்டிலேயே இருக்கும். அந்தத் திருகு முதுகுக்குப் பின்னால் இருந்தால்?

விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைத்தான் சொன்னது. வால்வைத் திருப்ப பைலட் உடலை 90 டிகிரி திருப்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னை அறியாமல் வலது ரடர் பெடலை அழுத்திவிடும். வால்வில் கவனம் போனதாலும், பெடல் அழுந்தியதாலும் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது வாரியத்தின் முடிவு. கிளம்பும் முன் எரிபொருளைச் சரியாகத் திட்டமிடாதது, அந்த வகை விமானத்தில் போதிய பயிற்சி இல்லாதது, வால்வை எட்டாத இடத்தில் வைத்த கட்டுநரின் முடிவு ஆகியவற்றையும் காரணங்களாகக் குறிப்பிட்டது.

வீட்டில் விமானம் கட்டுபவர்கள் இன்ஸ்ட்ரூமென்ட் பேனலுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வீட்டில் விமானமா? சட்டம் விடுமா?

அமெரிக்காவில் விடும். ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிநபர்கள் தாங்களே செய்திருந்தால், அதை 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் பதிவுசெய்து பறக்கலாம். பேச்சுவழக்கில் இதை '51 சதவீத விதி' என்பார்கள்.

ஓரிகான் மாநிலத்தில் உள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விற்கும் 'ஆர்.வி.' வரிசை கிட்களிலிருந்து மட்டும் 10,000-க்கும் அதிகமான விமானங்கள் உருவாகிப் பறந்திருக்கின்றன. இறக்கை, வால், உடல் என எல்லாவற்றுக்கும் கிட்டில் வரைபடம் உண்டு. ஆனால் பேனல் விஷயத்தில் பெரும்பாலான மாடல்களில் கிடைப்பது ஓர் அலுமினியத் தகடு. அதில் எதைப் பொருத்துவது, எங்கே ஓட்டை போடுவது எல்லாம் உங்கள் இஷ்டம். சுதந்திரமும் ஆபத்தும் சேர்ந்தே வருகிற இடம் இது.

கட்டாயம் என்னென்ன வேண்டும்?

தொழிற்சாலையில் தயாராகும் சாதாரண விமானம் பகலில், தெளிவான வானத்தில் பறக்க அமெரிக்க விதிகள் கேட்கும் பட்டியல் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்னது. வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி. இன்ஜினுக்கு ஆர்.பி.எம். மீட்டர், ஆயில் பிரஷர், வெப்பநிலை. ஒவ்வொரு டேங்குக்கும் எரிபொருள் அளவுகாட்டி. சக்கரம் உள்ளே மடங்கும் என்றால் அதன் நிலையைக் காட்டும் விளக்கு. முக்கியமானவை இவ்வளவுதான்.

வீட்டில் கட்டிய விமானம் இரவிலோ, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பியோ பறக்க வேண்டுமென்றால், அதே விதி கேட்கும் கூடுதல் கருவிகள் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பகல் மட்டும்தான். பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதியில் பறக்க, 2020 ஜனவரி 1 முதல், விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் 'ஏ.டி.எஸ்.-பி அவுட்' கருவியும் கட்டாயம்.

ஆகவே கருவிகளின் விலைப்பட்டியலைப் புரட்டும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இந்த விமானத்தில் என்ன செய்யப்போகிறோம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரைச் சுற்றிவரப் போகிறவருக்கு மேகத்துக்குள் பறக்கும் கருவிகள் வீண் செலவு, வீண் எடை. 800 கிலோமீட்டர் தாண்டி இருக்கும் குடும்பத்தைப் பார்க்கப் போகிறவருக்கு அவையே அத்தியாவசியம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று சேர்க்கும் ஒவ்வொரு கருவியும் எடை, கரன்ட், இடம் மூன்றையும் தின்னும்.

முதலில் அட்டை, அப்புறம்தான் அலுமினியம்

அனுபவமுள்ளவர்கள் முதலில் அட்டையை வெட்டுகிறார்கள். பேனல் அளவுக்கு ஓர் அட்டை. கருவிகளின் அளவுக்குக் காகிதத் துண்டுகள். வழக்கமான வட்டக் கருவிக்கு 3⅛ அங்குல ஓட்டை, சிறியதற்கு 2¼ அங்குலம். துண்டுகளை ஒட்டிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பெல்ட் முக்கியம். அது இல்லாமல் எட்டும் ஸ்விட்ச், பெல்ட் போட்டதும் எட்டாமல் போகலாம்.

வலது கையில் கன்ட்ரோல் ஸ்டிக்கைப் பிடித்திருந்தால், ரேடியோ அலைவரிசையை இடது கை மாற்ற முடிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு எரிபொருள் வால்வைத் தொட முடிகிறதா? முழங்கால் எதிலாவது இடிக்கிறதா? வெயில் பக்கவாட்டில் அடிக்கும்போது திரை தெரியுமா? இந்தக் கேள்விகளுக்கு அட்டையிலேயே பதில் கிடைத்துவிட்டால் செலவு பத்து ரூபாய்.

கருவிகளை அடுக்குவதற்கு ஒரு பழைய இலக்கணம் உண்டு. பெயர் 'பேசிக் டி'. விமானம் சாய்ந்திருக்கிறதா, மூக்கு தூக்கியிருக்கிறதா என்று காட்டும் செயற்கை அடிவானம் மேலே நடுவில். அதற்கு இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி, நேர் கீழே திசைகாட்டி. நான்கும் சேர்ந்தால் ஆங்கில 'டி' எழுத்து. எந்த விமானத்தில் ஏறினாலும் பைலட்டின் கண் பழகிய பாதையிலேயே ஓடும் என்பதுதான் இதன் பலன். இன்றைய டிஜிட்டல் திரைகளிலும் வேகம் இடப்பக்கம், உயரம் வலப்பக்கம் இருப்பது இதனால்தான்.

ஒரு ரப்பர் சக்கரம் சொன்ன பாடம்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விநோதம் நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பைலட்டுகள், இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்தது.

இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் பார்த்தது இதுதான்: இரண்டு ஸ்விட்சுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கர ஸ்விட்சில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் ஸ்விட்சில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டச் சொன்னார். தொட்டாலே எது எது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

இன்றும் விமானங்களில் சக்கர லீவர் சக்கர வடிவில்தான் இருக்கிறது. த்ராட்டில் கறுப்பு, புரொபெல்லர் நீலம், எரிபொருள் கலவை சிவப்பு என்ற நிற ஒழுங்கும் அதே எண்ணத்தில் வந்ததுதான். 'என் விமானம், என் இஷ்டம்' என்று இதை மாற்றலாம். தடுக்க ஆள் இல்லை. ஆனால் அவசரத்தில் கை பழக்கத்தின்படிதான் போகும்.

திரையா, முள்ளா?

ஒரு காலத்தில் ஆறு வட்டக் கருவிகள்தான் பேனல். இப்போது டைனான், கார்மின் போன்ற நிறுவனங்களின் 10 அங்குலத் திரை ஒன்றே வேகம், உயரம், மேப், இன்ஜின் விவரம் எல்லாவற்றையும் காட்டுகிறது. இவற்றில் பல வீட்டில் கட்டும் விமானங்களுக்கென்றே வருபவை. தொழிற்சாலை விமானங்களுக்கான கருவிகளுக்குத் தேவைப்படும் சான்றிதழ் செலவு இல்லாததால் விலையும் குறைவு.

இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டர் வெப்பத்தையும் பதிவுசெய்து வைப்பது இவற்றின் பெரிய நன்மை. பிரச்னை பெரிதாகும் முன்பே டேட்டாவில் தெரிந்துவிடும். இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டி, தூக்குவிசை போகும் முன் எச்சரிக்கும் வசதியும் பலவற்றில் உண்டு.

அப்போ திரை போட்டால் பாதுகாப்பு கூடிவிடுமா? அவ்வளவு எளிதில்லை. 2002 முதல் 2006 வரை தயாரான 8,000-க்கும் அதிகமான சிறிய தொழிற்சாலை விமானங்களைப் பாதுகாப்பு வாரியம் ஒப்பிட்டு, 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. திரை உள்ள விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும், உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகமாகவும் இருந்தது. அந்தந்தக் கருவிக்கான பயிற்சி இல்லாமல் திரை மட்டும் காப்பாற்றாது என்பதே அதன் சாரம். மூன்று மெனு தாண்டி ஒளிந்திருக்கும் வசதி, இறங்கும் நேரத்தில் இல்லாததற்குச் சமம்.

கரன்ட் போனால்?

வீட்டில் கரன்ட் போனால் இன்வெர்ட்டர். வானத்தில்?

கணக்கு நம் வீட்டு இன்வெர்ட்டர் கணக்குதான். ஒரு விமானத்தில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து 24 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி 18 ஆம்பியர்-மணி. ஆல்டர்னேட்டர் செயலிழந்தால் பேட்டரி தாங்குவது, ஏட்டுக் கணக்கில், 45 நிமிடம். ஒரு திரை, ஒரு ரேடியோ மாதிரி அத்தியாவசியமானவற்றை மட்டும் தனி இணைப்பில் வைத்து, மற்றதை ஒரே ஸ்விட்சில் அணைக்க முடிந்தால்? தேவை 6 ஆம்பியராகக் குறையும். 3 மணி நேரம் கிடைக்கும். பழைய பேட்டரி அவ்வளவு தராது. அதனால் பாதிதான் கிடைக்கும் என்று திட்டமிடுவது நல்லது.

இதில் இன்னொரு முடிச்சு. பழைய பாணி மேக்னெட்டோ தானே மின்பொறி உண்டாக்கும். பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும். பேட்டரியை நம்பியிருக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனோ, எலெக்ட்ரிக் பம்ப்போ இருந்தால், கரன்ட் போவதும் இன்ஜின் நிற்பதும் ஒன்று. அப்படிப்பட்ட விமானத்துக்கு இரண்டாவது பேட்டரி ஆடம்பரம் கிடையாது. முக்கியத் திரை அணைந்தாலும் பார்க்க, சொந்தப் பேட்டரியுள்ள சிறிய கருவி ஒன்றையும் பலர் பொருத்துகிறார்கள்.

பேனலின் பின்பக்கத்திலும் கவனம் வேண்டும். சாதாரண பி.வி.சி. ஒயர் எரிந்தால் நச்சுப்புகை. மூடிய காக்பிட்டில் ஜன்னலைத் திறந்து வெளியே ஓட முடியாது. அதனால் டெஃப்செல் உறை போட்ட விமான ஒயர்தான் நல்லது. காந்தத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூவோ, அதிகக் கரன்ட் போகும் ஒயரோ வந்தால் அது பொய் சொல்லும். ஒவ்வொரு ஒயருக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டி, வரைபடம் வைத்துக்கொள்வதும் வேலையின் ஒரு பகுதி. ஐந்து வருஷம் கழித்து, தலைகீழாகப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடும்போது அதன் அருமை தெரியும்.

அடுத்து ஓட்டப்போவது யார்?

பேனலில் எழுத்து ஏன் வேண்டும்? கட்டியவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே!

பாதுகாப்பு வாரியத்தின் 2012 ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்கச் சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை சுமார் 10 சதவீதம். 2011-ல் நடந்த விபத்துகளில் அவற்றின் பங்கோ 15 சதவீதம். உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம். அந்த ஆண்டு விபத்துக்குள்ளான 224 வீட்டு விமானங்களில் பாதிக்கும் மேல், கட்டியவரிடம் இல்லை. வேறொருவர் விலைக்கு வாங்கி ஓட்டியவை.

ஒரே மாடல் என்றாலும் ஒவ்வொரு வீட்டு விமானத்தின் பேனலும் வேறு. இரண்டு ஸ்ப்ளெண்டர் பைக் ஒன்றுபோல இருக்கும், இரண்டு ஆர்.வி. விமானம் அப்படி இருக்காது. எனவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டையோ திரையின் பளபளப்பையோ இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பெல்ட் போட்டு உட்கார்ந்து, எரிபொருள் வால்வு, இக்னிஷன், மெயின் ஸ்விட்ச், அவசர பேட்டரி நான்கையும் யாரும் சொல்லாமலே கண்டுபிடிக்க முடிகிறதா, கழுத்தைத் திருப்பாமல் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், அவற்றை மாற்றிப் பொருத்திய பிறகே பறக்க வேண்டும்.

கட்டுபவருக்கும் அதே சோதனைதான். விமானம் என்றால் என்னவென்றே தெரியாத நண்பரை சீட்டில் உட்காரவைத்து, "பெட்ரோலை நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை தேட ஆரம்பித்தால், லேபிள் போதவில்லை.