பிள்ளையின் மலச்சிக்கல்: பாதியில் நிறுத்தும் மருந்தே பாதிக் காரணம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகும் கூட்டத்தில் கைப்பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் நிறையவே உண்டு. 14 கிலோமீட்டர் சுற்று. வழியில் பிஸ்கட், பால், சிப்ஸ். "ஆய் வருதும்மா" என்றால், "கொஞ்சம் அடக்கிக்கோ, வீட்டுக்குப் போயிடலாம்" என்போம். ஒரு நாள் அடக்குவதால் கெட்டுப்போவது எதுவுமில்லை. அடக்குவதே வழக்கமாகிவிட்டால்தான் தொல்லை.

முக்கவில்லை, அடக்குகிறான்

பெருங்குடலில் தங்கத் தங்க மலத்திலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது. இறுகியது வெளியேறும்போது ஆசனவாய் கிழிந்து வலிக்கிறது. வலித்த பிள்ளை அடுத்த முறை போகப் பயப்படும். கதவோரமாகப் போய் நின்று, கால்களைப் பின்னி, நுனிக்காலில் விறைத்து முகம் சிவக்கும் பிள்ளையைப் பார்த்து "பாவம், முக்குறான்" என்கிறோம். பெரும்பாலும் அவன் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறான்.

ஒரு மாதமாக வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோதான் போகிறான், போகும்போதும் வலித்து அழுகிறான் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜட்டியில் அடிக்கடி கறைபடுவதும் இதன் அடையாளமாக இருக்கலாம். அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றி இளகிய மலம் பிள்ளைக்குத் தெரியாமலே கசிகிறது. அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுப்பதும், சோம்பேறி என்று அடிப்பதும் பெரிய அநியாயம்.

முதலில் அடைப்பை எடுப்பது

அடைப்பு இருக்கும்போது கீரையும் பழமும் மட்டும் போதாது. உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் முதலில் கொடுப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர். இது பெரும்பாலும் உடலில் சேராது. நீரைக் குடலிலேயே பிடித்துவைத்து மலத்தை இளக்கும். அடைப்பு எடுக்க, எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வீதம் தினமும், 3 முதல் 6 நாள். அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பவுடர் இல்லையென்றால் லாக்டுலோஸ் சிரப் கொடுப்பார்கள்.

பிறகு மாதக்கணக்கில்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நாலு நாள் நன்றாகப் போனதும் பாட்டிலை மூடிவைத்துவிடுகிறோம், "பழகிடும்" என்ற பயத்தில். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. நாளாக விரிந்துபோன மலக்குடல் பழைய நிலைக்குத் திரும்பவும், பிள்ளை வலியை மறக்கவும் நாள் வேண்டும். குறைந்த அளவில் இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டும். தொல்லை நீங்கி ஒரு மாதம் கழிந்த பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பல பிள்ளைகளுக்கு இன்னும் அதிக காலம் ஆகும்.

விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சோப்பு எரிச்சலூட்டிப் புண்ணாக்கும். பயந்த பிள்ளையை இன்னும் பயமுறுத்தும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சாப்பிட்டதும் பத்து நிமிடம்

வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி வேண்டும். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் பல பிள்ளைகள் இப்போது பள்ளியில்தான் காலையில் சாப்பிடுகிறார்கள். அப்படியானால் வயிறு அழைக்கும் நேரமும் பள்ளியில்தான். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை அந்த உணவோடு சேர்ந்தே வேண்டியது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

ஜவ்வாது மலைச் சாமை, கொய்யா, கீரை எல்லாம் நல்லதே, மருந்தோடு சேர்த்து. பாலே சாப்பாடாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு வயதுக்கு மேல் பாலை நாளுக்கு அரை லிட்டருக்குள் குறைத்துவிடுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது, எடை ஏறாமை, மலத்தில் அதிக ரத்தம், கால் வலுவிழப்பு: இவற்றில் எது இருந்தாலும் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல, குழந்தைகள் பிரிவு உள்ள இடத்துக்கு உடனே போங்கள். பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் போகாத பிள்ளைக்கு ஹிர்ஷ்ப்ரங் நோய் இருக்கலாம். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாத பிறவிக் குறை அது. அறுவை சிகிச்சைதான் வழி. வளர்ந்த பிள்ளைக்கும் தீராத மலச்சிக்கல் என்றால், பிறந்தபோது எப்போது மலம் போனது என்று மருத்துவர் கேட்பார். தெரிந்ததைச் சொல்லுங்கள்.