குப்பைமேட்டுக் களிமண்: ‘ஊடுருவாத’ அடுக்கு எவ்வளவு ஊடுருவும்?

2021 அக்டோபர் 1-இல் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டம், நாட்டின் பழைய குப்பைமேடுகளை ஐந்தாண்டுகளில் அகற்றுவதாக உறுதியளித்திருந்தது. 2026-இல் முடியும் அந்தக் கெடுவை ஒட்டி, ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் குப்பை சென்று சேரும் புரூக்சாபாத் பற்றியும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இனி அமையக்கூடிய நிலநிரப்புத் தளங்கள் பற்றியும் வாசகர்கள் தொடர்ந்து கடிதம் எழுதிவருகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை, கழிவின் அடியில் இடப்படும் களிமண்ணையும் கழிவின் மேல் மூடப்படும் களிமண்ணையும் ஒன்றாகக் கருதுகின்றன. களிமண் இட்டுவிட்டால் கிணறுகள் காக்கப்பட்டுவிடும் என்ற அதிகாரபூர்வ வாக்குறுதியையும் அப்படியே ஏற்கின்றன.

அந்த வாக்குறுதிக்கு அடிப்படையான அளவுகளை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. அவற்றின்படி, கழிவின் அடியில் 90 சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண்ணையோ பதப்படுத்திய மண்ணையோ பரப்பி, அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடர் பாலிஎத்திலீன் தாளை விரிக்க வேண்டும்; அந்த மண்ணின் நீர் ஊடுருவுதிறன் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த அமைப்பை விதிகள் ‘ஊடுருவாதது’ என்று குறிப்பிட்டபோதும், அவை விதித்த எண் பூச்சியம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

குப்பைக்குள் மழைநீர் இறங்கிக் கரைசலாக ஊறி வரும் கசிவுநீர், களிமண்ணின்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தேங்கி நிற்பதாகவும், நெகிழித் தாள் இல்லை எனவும் கொண்டால், விதியை முழுமையாக நிறைவுசெய்யும் களிமண்கூட ஆண்டுக்கு ஏறத்தாழ 4.2 சென்டிமீட்டர் நீரைக் கீழே விடும். ஒரு ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் இது 4,20,000 லிட்டர். மண்ணின் கனஅளவில் 40 விழுக்காடு நுண்துளைகள் என்றால், களிமண்ணால் பிடித்துவைக்கப்படாத குளோரைடு போன்ற பொருள் எட்டரை ஆண்டுகளில் அடுக்கின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிடும். நீரோட்டமே இல்லாதபோதும், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் கரைபொருள் தானே நகரும் விரவல் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே களிமண் அடுக்கு செய்வது மாசின் பயணத்தை நீட்டிப்பதே. அந்த நீட்டிப்பு மதிப்பு வாய்ந்தது. அம்மோனியம், ஈயம், காட்மியம் போன்ற நேர்மின் அயனிகள் வழியிலேயே களிமண்ணின் பரப்பில் பிடிபடுவதால், அவற்றின் பயணம் பல மடங்கு நீளும்.

இந்தத் தாமதம் எந்த நிபந்தனையில் நிலைக்கிறது என்பதே தீவுகளுக்கு முக்கியமான கேள்வி. ஒரு ஹெக்டேர் தளத்துக்கு இறுக்கிய களிமண் மட்டும் 9,000 கன மீட்டர் தேவைப்படுகிறது. 8,249 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் 7,171 சதுர கிலோமீட்டர் பதிவுபெற்ற காடாக உள்ள ஓர் ஒன்றியப் பகுதியில், அவ்வளவு மண்ணைத் தோண்டுவது தனியொரு சேதமாகிவிடும். ஆகையால், உள்ளூர் மண்ணோடு சிறு விழுக்காடு பென்டோனைட் கலப்பதோ, இரண்டு துணிகளுக்கிடையே பென்டோனைட்டை வைத்துத் தைத்த மெல்லிய விரிப்பை இடுவதோ எளிய வழியாகத் தோன்றும். பென்டோனைட் என்பது நீரில் பல மடங்கு உப்பும் களிமண் வகை. இந்தியாவில் கட்ச், பார்மர் வட்டாரங்களில் வெட்டப்படுவதால், தீவுகளுக்குக் கப்பலில்தான் வர வேண்டும்.

பென்டோனைட்டின் ஆற்றல் அதன் நுண்தகடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தடிமனே உடையது. அதன் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருப்பதால் சோடியம் அயனிகள் அங்கே திரண்டு நிற்கின்றன. அந்த அயனிகள் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துத் தகடுகளுக்கிடையே படலங்களாகத் தங்கவைக்கின்றன. இந்தப் படலங்கள் தடித்துப் பருக்கும்போது, துகள்களுக்கிடையே நீர் ஓடக்கூடிய வழிகள் குறுகிவிடுகின்றன. எனவே பென்டோனைட்டில் நீரைத் தடுத்து நிறுத்துவது ஒருவகையில் நீரே.

கால்சியம், மக்னீசியம் போன்ற இரட்டை மின்னேற்ற அயனிகளோ, செறிந்த உப்புக் கரைசலோ வந்து சேர்ந்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. புதிய அயனிகள் சோடியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்க, நீர்ப்படலம் சுருங்குகிறது. தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகின்றன. கட்டிகளுக்கிடையே வழி திறக்கிறது. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். 100 மில்லிலிட்டர் வாலைவடிநீர் உள்ள அளவுக்குழாயில் 2 கிராம் பென்டோனைட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி மறுநாள் பார்த்தால், தரமான தூள் 24 மில்லிலிட்டர் கோட்டைத் தாண்டிக் கூழாக உப்பியிருக்கும். அதே தூளைச் செறிந்த கால்சியம் உப்புக் கரைசலில் இட்டால், அதில் பாதி உயரத்தைக்கூட எட்டாமல் அடியில் மணல்போலப் படிந்துவிடும். குப்பைக் கசிவுநீரில் கால்சியம், மக்னீசியம், அம்மோனியம் ஆகியவை உண்டு. கடலோரத் தளத்தில் அடியிலிருந்து உவர்நீரும் சேரலாம். முதலில் நன்னீரில் நன்றாக ஊறிய பென்டோனைட் பின்னர் வரும் உப்பை ஓரளவு தாங்குகிறது என்பதும், நீருக்கு அவ்வளவாக உப்பாத சாதாரணக் களிமண் வகைகள் உப்பாலும் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்பதும் ஆறுதலானவை. ஆயினும் தூய நீரில் சோதித்துப் பெற்ற சான்றிதழ், கசிவுநீரின் எதிரே அந்த அடுக்கு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்றாகாது.

ஆய்வக எண்ணுக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளியை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் டேனியல் 1984-லேயே எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்த களிமண் அடுக்குகள், ஆய்வகம் கணித்ததைவிட 10 முதல் 1,000 மடங்கு வரை கூடுதலாக நீரை விட்டன. வறண்ட நிலையில் இறுக்கப்பட்ட மண்ணில் கட்டிகள் உடையாமல் நின்று, அவற்றின் இடுக்குகளே வாய்க்கால்களாகிவிடுவது இதற்கான காரணங்களுள் ஒன்று. எனவே மண்ணைச் சற்றுக் கூடுதல் ஈரத்தில், ஒரு சாண் அளவுக்கும் மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, முளைகள் பதித்த ரோலரால் மிதித்துப் பிசைய வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் இவ்வேலைக்கு உகந்த வறண்ட மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரையே; அதே மாதங்களில் மூடாமல் விட்ட களிமண் வெயிலில் வெடிக்கவும் செய்யும்.

களிமண்ணின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் இருக்க வேண்டும் என்பது 2016 விதிகளின் மற்றொரு நிபந்தனையாக இருந்தது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடற்கரையை ஒட்டிய தாழ்நிலத்தில் அத்தகைய இறக்கம் அந்த இடைவெளியில் பாதியை விழுங்கக்கூடும். தீவுகள் முழுவதும் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் இருக்க, கடலோரத் தளம் எதற்கும் இந்தக் கணக்கு முன்கூட்டியே போடப்பட வேண்டும்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகள்:

பழைய மேட்டின் அடியில் இனிக் களிமண் இட முடியுமா? முடியாது, கழிவைத் தோண்டிப் பிரித்து அகற்றுவதோ, மேலே மூடிப் பக்கங்களில் தடுப்புச் சுவர் இறக்குவதோதான் வழி.

மேல்மூடி மட்டும் போதுமா? 60 சென்டிமீட்டர் களிமண் மூடி மழைநீர் உள்ளே இறங்குவதைக் குறைக்கும்; பக்கவாட்டில் வரும் நிலத்தடி நீரைத் தடுக்காது.

நெகிழித் தாள் இருக்கக் களிமண் எதற்கு? தாளில் விழும் துளைக்கு அடியில் களிமண் ஒட்டியிருந்தால்தான் அத்துளை சிறு கசிவோடு நிற்கும்.

அந்தமானின் சுவராஜ் தீவிலும் ஷாகீத் தீவிலும் களிமண் அடுக்கு பொருந்துமா? அங்குள்ள பவளச் சுண்ணப்பாறை துளைகள் மிகுந்தது, நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அங்கே நிலநிரப்பைத் தவிர்த்துக் கழிவை வெளியே கொண்டுசெல்வதே பாதுகாப்பு.

மூடிய பின் கண்காணிப்பு எவ்வளவு காலம்? 2016 விதிகள் 15 ஆண்டு என்றன. மெல்ல நகரும் மாசுக்கு அது போதாது.

கிணற்றில் எதைச் சோதிப்பது? குளோரைடு கடலிலிருந்தும் வரலாம் என்பதால், அதனோடு அம்மோனியாவையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

நகராட்சியிடம் மக்கள் எதைக் கேட்பது? உண்மையான கசிவுநீரைக் கொண்டு செய்த ஊடுருவல் சோதனை, ஒவ்வொரு அடுக்குக்குமான கள அளவீடு, பணி தொடங்கும் முன் எடுத்த கிணற்றுநீர்ப் பகுப்பாய்வு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும்.