பார்ப்பதற்காகக் கட்டிய ஊர்

உவரிக்கும் புளியம்பட்டிக்கும், கொழும்பில் கொச்சிக்கடைக்கும் போய் வந்தவர்களுக்குப் பதுவா என்ற பெயர் புதிதல்ல. கோடி அற்புதர் அந்தோணியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்டே அந்த ஊர் நம் காதில் விழுந்திருக்கிறது. அவர் பிறந்தது லிஸ்பனில். 1231-இல் இறந்தது வட இத்தாலியில் உள்ள இந்தப் பதுவாவில். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் கெடாமல் இருந்ததாகத் திருச்சபை சொல்கிறது. பேராலயத்தில் அந்த நாக்கு ஒரு பேழையில் இருக்கிறது. பக்தர்கள் வரிசையில் நின்று வணங்குகிறார்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் இன்னொரு பேழை. அதில் இருப்பது கலிலியோவின் இடுப்புப் பகுதி முள்ளெலும்பு, ஐந்தாவது. 1737-இல் ஃபிளாரன்ஸில் அவருடைய உடலை இடம் மாற்றியபோது ஒருவர் எடுத்துவைத்துக்கொண்ட எலும்பு, கை மாறி 1823-இல் இங்கே வந்து சேர்ந்தது. வைத்திருப்பது பல்கலைக்கழகம். திருச்சபை தண்டித்த மனிதரின் எலும்பையும் திருச்சபையின் புனிதரின் நாக்கையும் ஏறக்குறைய ஒரே பக்தியோடு காத்துவரும் ஊர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

பதுவா பல்கலைக்கழகம் 1222-இல் தோன்றியது. பொலோன்யாவில் பிணக்குற்று வெளியேறிய ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே வந்து தொடங்கினார்கள். 1405-இல் ஊர் வெனிஸ் குடியரசின் கைக்குப் போனது. வெனிஸ்காரர்கள் வணிகர்கள், ரோமாபுரியின் அதிகாரத்துக்கு அதிகம் வளையாதவர்கள். நல்ல ஆசிரியரைக் காசு கொடுத்து அழைத்து வந்தார்கள். சீர்திருத்த சபையினரும் யூதர்களும் இங்கே படித்துப் பட்டம் வாங்க முடிந்தது. பணமும் பாதுகாப்பும் கிடைத்ததும் இந்த ஊர் ஒரு விசித்திரமான காரியத்தில் இறங்கியது. ஏதாவது ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே கட்டடங்கள் கட்டியது. ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நடந்தால் அவற்றை ஒவ்வொன்றாகச் சந்திக்கலாம். முழுத் தூரமும் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

முதலில் வருவது, வெனிஸ் ஆட்சிக்கும் முந்தைய ஸ்க்ரோவேஞ்சி சிற்றாலயம். அதன் உட்சுவர் முழுக்க ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்கள். 1305 வாக்கில் முடிந்தவை. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவைக் காணவரும் காட்சியில், வழக்கமான நட்சத்திரத்துக்குப் பதில் நீண்ட வாலோடு எரியும் வால்மீன் ஒன்று பாய்கிறது. 1301-இல் ஹாலி வால்மீன் வந்து போயிருந்தது. ஜோத்தோ அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. 1986-இல் அதே ஹாலி திரும்ப வந்தபோது, அதன் அருகே பறந்து சென்று கருவைப் படமெடுத்த ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜோத்தோ என்றே பெயர் வைத்தார்கள்.

உள்ளே போக முன்பதிவு வேண்டும். போனாலும் நேரே விடமாட்டார்கள். கண்ணாடி அறை ஒன்றில் கால் மணி நேரம் உட்காரவைத்து, நம்மோடு வந்த ஈரத்தையும் தூசியையும் குறைத்த பிறகுதான் கதவு திறக்கும். மூச்சுக்காற்றின் ஈரம் சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கினால் அதிலுள்ள உப்புகள் கரைந்து, காயும்போது படிகமாகி வண்ணத்தை உள்ளிருந்தே பெயர்த்துவிடும். எழுநூறு ஆண்டுப் பழைய ஓவியத்துக்குப் பார்வையாளர்தான் பெரிய ஆபத்து.

ஊரின் நடுவே பெத்ரோக்கி காபிக் கடை. 1831-இல் திறந்தது, 1916 வரை இரவும் பகலும் மூடாமல் இருந்ததால் கதவில்லாத கடை என்றே பெயர் வாங்கியது. பதுவாவுக்குக் காபியோடு இதைவிடப் பழைய உறவு உண்டு. இங்கே மருத்துவம் படித்த ப்ரோஸ்பெரோ அல்பினி, எகிப்தில் இருந்தபோது தோட்டமொன்றில் காபிச் செடியைக் கண்டு, 1592-இல் வெளியிட்ட எகிப்தியத் தாவர நூலில் அதை வருணித்தார். செடியைப் பார்த்து எழுதிய முதல் ஐரோப்பியக் குறிப்புகளில் அது ஒன்று.

கடைக்கு எதிரே பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகை. போ என்கிறார்கள். முற்றத்துச் சுவர்களில் முன்னாள் மாணவர்களின் குலச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கிடக்கின்றன. மாடியில் கலிலியோ நின்று பாடம் நடத்திய மரமேடை இருக்கிறது. கூட்டம் தாங்காமல் பின்வரிசைக்கு அவர் முகம் தெரியவில்லை என்று மாணவர்களே செய்துகொடுத்தது என்பது ஊர்க்கதை. அதன் கரடுமுரடான பலகைகளைப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும்.

ஆனால் போவில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது உடற்கூறு அரங்கம். உடற்கூறு ஆசிரியர் ஃபப்ரீசியஸின் முயற்சியால் 1595-இல் திறந்தது. உலகில் இன்று நிற்கும் நிரந்தர உடற்கூறு அரங்கங்களில் இதுதான் மிகப் பழையது. எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி மேலே விரிந்து கீழே குறுகும் நீள்வட்டக் கூடம். வால்நட் மரத்தில் செதுக்கிய கைப்பிடிகளோடு ஆறு அடுக்குகள். அடியில் ஒரு மேசை, அதன்மேல் பிணம். அடுக்குகளில் உட்கார இடமில்லை. 200-க்கும் மேற்பட்டோர் தோளோடு தோள் உரசி நின்று குனிந்து பார்த்தார்கள். குளிர்காலத்தில்தான் அறுப்பார்கள், இல்லாவிட்டால் உடல் தாங்காது. சன்னல் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். இடுப்புக்கு மேல் வரும் கைப்பிடி இருந்ததால் மயங்கியவனும் விழ வழியில்லை. இப்போது மேலே ஏற விடுவதில்லை. பிணம் கிடந்த இடத்துக்குக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆறு வளையங்களும் நம்மைக் குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். சடலத்தின் இடத்தில் நம்மை நிறுத்திவைத்த அந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, குறும்புக்காரர்.

ஃபப்ரீசியஸ் இங்கே தன் மாணவர்களுக்கு, சிரைகளின் உட்புறத்தில் மெல்லிய மடிப்புகள் இருப்பதைக் காட்டினார். கல்லீரலில் ஊறும் இரத்தத்தை உடல் செலவழித்துவிடுகிறது என்பது கிரேக்க மருத்துவர் காலனின் காலத்திலிருந்து வந்த கருத்து. அதை நம்பிய ஃபப்ரீசியஸ், இரத்தம் ஒரேயடியாகக் கை கால்களுக்கு இறங்கிவிடாமல் இந்த மடிப்புகள் தடுக்கின்றன என்று விளக்கினார். பார்த்தது சரி, பொருள் கொண்டது தவறு. 1602-இல் பட்டம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்து திரும்பிய அவருடைய மாணவர் வில்லியம் ஹார்விக்கு அந்த மடிப்புகள் மனதில் தங்கிவிட்டன. அவை இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் கதவுகள் என்று அவர் கண்டுகொண்டார்.

ஹார்வி செய்த சோதனையை நாமும் செய்யலாம். மேற்கையைத் துணியால் லேசாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும். அவற்றில் ஆங்காங்கே தெரியும் முடிச்சுகள்தான் அந்தக் கதவுகள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் இரத்தத்தை அடுத்த முடிச்சைத் தாண்டி முழங்கை நோக்கித் தள்ளிவிட்டால், அந்தத் துண்டு வெறுமையாகவே கிடக்கும். மேலிருந்து இரத்தம் திரும்பி வராது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் நிரம்பிவிடும். அடுத்து ஒரு கணக்கு. இன்றைய அளவில் சொன்னால், இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர். உடலில் இருக்கும் இரத்தமே மொத்தம் அவ்வளவுதான். நிமிடத்துக்கு 5 லிட்டரை எந்தக் கல்லீரலும் புதிதாக ஊறவைக்க முடியாது. அதே இரத்தம்தான் சுற்றி வருகிறது. ஹார்வி தன் நூலை வெளியிட்டது 1628-இல்.

மாளிகையின் படிக்கட்டு அடியில் எலெனா கோர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலை. 1678-இல் இங்கே தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். உலகிலேயே அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் முதலில் கேட்டது இறையியல் பட்டம், ஆயர் மறுத்துவிட்டார். இத்தாலியில் அடுத்த பெண் பட்டம் பெற 1732 ஆயிற்று, அதுவும் பதுவாவில் அல்ல, பொலோன்யாவில். விடுதலையைத் தன் முழக்கமாக வைத்திருக்கும் பல்கலைக்கழகம் இது. சிலை வைப்பது எளிது.

மேற்கே சற்று நடந்தால் சின்யோரி சதுக்கம், அதில் மணிக்கூட்டுக் கோபுரம். 24 மணி முகப்பில் ராசிச் சக்கரம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தால் துலாம் இல்லை. கூலியில் நியாயம் கிடைக்காத கொல்லன் தராசை வேண்டுமென்றே விட்டுவிட்டான் என்று ஊரார் சொல்கிறார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வானியல் விளக்கம் அதைவிடச் சுவையானது. பழைய கிரேக்கர்கள் இன்றைய துலாம் விண்மீன்களைத் தேளின் முன்பக்க இடுக்கிகளாகப் பார்த்தார்கள். அவற்றைப் பிரித்துத் தனி ராசியாக நிலைப்படுத்தியது ரோமானியர் காலத்தில். பதுவா கடிகாரத்தில் விருச்சிகம் இரண்டு வீட்டுக்கு இடுக்கியை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது.

அந்தோணியார் பேராலயத்துக்குத் தெற்கே தாவரத் தோட்டம். 1545-இல் தொடங்கியது, அன்றிலிருந்து அதே இடத்தில் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் இதுவே மூத்தது. மருந்துக் கடைகளில் போலி மூலிகை விற்றதும், தெரியாமல் நச்சுச் செடியைக் கொடுத்ததும் அந்தக் காலத்துப் பெரிய தலைவலி. புத்தகப் படத்தைப் பார்த்து மூலிகையைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை, செடியையே காட்ட வேண்டும் என்று மருத்துவ ஆசிரியர் பொனாஃபெதே கேட்டு வாங்கிய தோட்டம் இது. அரிய செடிகளைத் திருடர்கள் பிடுங்கிப் போனதால் விரைவிலேயே வட்டமாக மதில் எழுப்பினார்கள். மதில் இன்றும் நிற்கிறது.

உள்ளே 1585-இல் நட்ட ஒரு விசிறிப் பனை, தனக்கென்று கட்டிய எண்கோணக் கண்ணாடி வீட்டில் வளர்கிறது. 1786-இல் கவிஞர் கேத்தே அதன் முன் நின்றார். அடியிலிருந்த இளம் ஓலை பிளவில்லாமல் ஈட்டி வடிவில் இருந்தது. மேலே போகப் போக ஓலை பிரிந்து விசிறியானது. (நம் பனங்கன்றின் முதல் ஓலையிலும் பிளவு இருக்காது.) செடியின் எல்லா உறுப்பும் இலையின் மாற்றுருவமே என்ற எண்ணத்துக்கு அந்தப் பனை உரம் போட்டது, 1790-இல் அதை நூலாக எழுதினார். கவிஞரின் கற்பனை என்று பலர் ஒதுக்கினார்கள். 1991-இல் மரபணு ஆய்வாளர்கள் கோயனும் மையரோவிட்ஸும் பூ உருவாகும் விதத்தை விளக்கினார்கள். புல்லி, அல்லி, மகரந்தத் தாள், சூலகம் என்று எது எங்கே வர வேண்டும் என்பதை மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. மூன்றையும் செயலிழக்கச் செய்த செடியில், பூ வர வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகளே அடுக்கடுக்காக முளைத்தன.

கடைசி நிறுத்தம் ஆற்றங்கரையில் ஸ்பெக்கோலா கோபுரம். இடைக்காலத்தில் சிறை, 1767 முதல் 1777 வரை வேலை செய்து வான் ஆய்வகமாக மாற்றினார்கள். கீழ்க்கூடத்தின் தெற்குச் சுவரில் ஒரு சிறு துளை. அதன் வழியே நுழையும் கதிர் தரையில் வட்டமாக விழும். அந்த ஒளிவட்டம் தரையில் பதித்த கோட்டைத் தொடும்போது உச்சிப்பொழுது. கோடையில் சூரியன் உயர்ந்து நிற்பதால் ஒளி சுவரை ஒட்டி விழும். மாரியில் கூடத்தின் மறுகோடிவரை போகும்.

கலிலியோ இதன்மேல் நின்று வானம் பார்த்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் பதுவாவில் இருந்தது 1592 முதல் 1610 வரை. வியாழனின் நிலவுகளைக் கண்ட 1610 சனவரி இரவுகளில் அவருக்கு ஆய்வகம் எதுவும் கிடையாது. மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுச் சமாளித்த தன் வீடும், தானே தேய்த்த வில்லைகளும்தான். ஆய்வகம் வந்ததே அவர் போய் ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

இப்போது நகர வெளிச்சத்தில் அந்தக் கோபுரத்திலிருந்தும் பெரிதாக ஒன்றும் தெரியாது. பதுவா வானியலாளர்கள் வடக்கே அசியாகோ மலைக்குப் போய்விட்டார்கள். அங்கே 1942-இல் நிறுவிய 122 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்குக் கலிலியோவின் பெயர். 1973-இல் வந்த 182 சென்டிமீட்டர் தொலைநோக்கிக்குக் கோப்பர்நிக்கஸின் பெயர்; அவரும் 1501 முதல் 1503 வரை பதுவாவின் மாணவர்தான், ஆனால் இங்கே அவர் படித்தது மருத்துவம்.